சவரக்கத்தி வாங்கப் போய் 8,450 ரூபாய் போனது: புதிதாகப் பழகுகிறவர்கள் படித்துவிட்டு வாங்குங்கள்

படிகாரக் கட்டி வைத்துத் தேய்த்த எரிச்சல் தாடையில் இன்னும் அடங்கவில்லை, அதோடேயே எழுதுகிறேன். மடக்குச் சவரக்கத்தியில் ஷேவ் செய்யப் பழக வேண்டும் என்று ஆசைப்பட்டு, சமூக வலைதளத்தில் கடை விரித்திருக்கும் ஒரு விற்பனைப் பக்கத்திடம் 8,450 ரூபாய் ஏமாந்திருக்கிறேன். புகார் கொடுத்திருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. எப்படிப் பார்த்து வாங்குவது, எப்படிப் பழகுவது என்பதைக் கடைசியில் முழுதாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

நான் சொல்வது இப்போது சலூன்களில் பாதி பிளேடை மாற்றி மாற்றிப் போடுகிறார்களே, அந்தக் கத்தி இல்லை. பழைய கத்தி. ஒரே இரும்பு, வாயும் (வெட்டும் விளிம்பு) முதுகும் சேர்ந்தது. ஒவ்வொரு ஷேவுக்கு முன்னாலும் தோல்வாரில் (கத்தியைத் தேய்க்கும் தோல்பட்டை) இழுக்க வேண்டும், சில மாதத்துக்கு ஒரு முறை சாணைக்கல்லில் தீட்ட வேண்டும். சின்ன வயதில் அப்பாவோடு சலூனுக்குப் போகும்போது அந்தச் சரக் சரக் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். நாற்பது வயதில் அதை நானே பழகலாம் என்று தோன்றியது. ஆறு மாதம் காசு சேர்த்தேன்.

அந்தப் பக்கத்தில் ஒரு காணொளி. சிவப்புத் துணி விரித்த மேஜை, அதன் மேல் கத்தி. ஒற்றைத் தலைமுடியைத் தொங்கவிட்டு வாயில் தொட்டதும் முடி இரண்டாக விழுகிறது. கைப்பிடியோடு சேரும் வால்பகுதியில் 'சோலிங்கன்' என்ற முத்திரை. கத்திக்குப் பேர்போன ஜெர்மன் ஊர். கீழே இருந்த எண்ணுக்குப் பேசினேன்.

"அண்ணா, இதுதான் முதல் கத்தியா? அப்போ ஒரு அங்குலத்துல எட்டில் அஞ்சு பங்கு அகலம் எடுத்துக்கோங்க. கத்தியோட மூக்கு, அதான் நுனி, உருண்டையா இருக்கணும், கூரா இருந்தா காதோரம் குத்திரும். தாடி சொரசொரப்பா, மெல்லிசா?" என்று கேட்டார். இருபது நிமிஷம் பேசினார். அவசரப்படுத்தவே இல்லை. கத்தியை முப்பது பாகை சாய்வில் பிடிக்கணும், முதல் வாரம் கன்னத்தோடு நிறுத்திக்கணும், முடி வளரும் திசையிலேயே இழுக்கணும் என்று சொன்னார். அவர் சொன்னது அத்தனையும் சரி. இன்றைக்கும் அதில் ஒரு தப்புக் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் நம்பினேன். தொழில் தெரிந்தவர் பொருளிலும் நேர்மையாக இருப்பார் என்று நினைத்துவிட்டேன்.

"உங்க கத்திய நானே தீட்டி, என் கை முடியில வெட்டிப் பார்த்துத்தான் அனுப்புவேன்" என்றார். கத்தி என்பதால் பொருள் வந்ததும் பணம் என்ற வசதி கிடையாதாம், முன்பணம்தான். 8,450 ரூபாயை அந்த நிமிஷமே அனுப்பினேன்.

போனை வைப்பதற்கு முன் அவர் சொன்ன கடைசி வார்த்தையைக் கவனியுங்கள். "ஆரம்பத்துல இழுக்கத்தான் செய்யும்ணா. பத்து நாள் விடாம பழகுங்க, கை வந்துரும்."

கத்தி வந்தது. முதல் நாள் கன்னத்தில் வைத்ததும் முடியை வெட்டவில்லை, பிடித்துப் பிடுங்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது. என் கைதான் சரியில்லை என்று நினைத்தேன். சாய்வை மாற்றினேன், நுரையைக் கெட்டியாக்கினேன், தோல்வாரில் முப்பது முறைக்குப் பதில் அறுபது முறை இழுத்தேன். ஒன்பது நாள். மூன்று வெட்டு. தீட்டாத கத்தி எப்படி இருக்கும், தீட்டிய கத்தி எப்படி இருக்கும் என்று புதிதாகப் பழகுகிறவனுக்கு எப்படித் தெரியும்? தன் கையைத்தானே சந்தேகப்படுவான்?

பத்தாம் நாள் எங்கள் தெருமுனை சலூன் பெரியவரிடம் எடுத்துப் போனேன். அந்தக் காலத்தில் பழைய கத்தியில் வேலை செய்தவர். கட்டைவிரலை வாயின் குறுக்கே லேசாக வைத்துப் பார்த்தார். பிறகு சாணைக்கல்லில் படுக்க வைத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கல்லுக்கும் கத்திக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது.

"தம்பி, முதுகே கோணல். இதைத் தீட்ட முடியாது. கூர் ஏறவே ஏறாது."

இந்தக் கத்தியில் முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லில் படிய வேண்டும். முதுகின் கனம்தான் கூரின் கோணத்தைத் தீர்மானிக்கிறது. இவ்வளவு கோணல் என்றால் கல்லில் தீட்டிப் பிரயோஜனம் இல்லை. காணொளியில் முடியை வெட்டியது வேறு கத்தி. என் கத்தியின் வாலில் சோலிங்கன் முத்திரையும் கிடையாது, 'ஜெர்மன் ஸ்டீல்' என்று மட்டும் இருக்கிறது. நான்தான் பெட்டியைத் திறந்த சந்தோஷத்தில் கவனிக்கவில்லை. சோலிங்கன் பெயரை ஜெர்மனியில் 1938 முதல் சட்டம் போட்டுக் காக்கிறார்கள், அந்த வட்டாரத்தில் செய்யாத பொருளில் அதைப் பொறிக்க முடியாது என்பதையும் பணம் போன பிறகுதான் படித்தேன்.

அன்றைக்கே போன் செய்தேன். "நீங்க தோல்வார்ல தப்பா இழுத்துருப்பீங்கண்ணா, வாய் மடிஞ்சிருக்கும்" என்றார். முதுகு கோணலாக இருப்பதைப் படம் எடுத்து அனுப்பினேன். "திருப்பி அனுப்ப ஏழு நாள்தான், பில்லில் இருக்கு" என்று பதில். பத்து நாள் பழகுங்கள் என்று அவர் எதற்காகச் சொன்னார் என்பது அப்போதுதான் புரிந்தது. வயிறு எரிந்தது. மறுநாள் வேறொருவர் பேசினார்: முகத்தில் பட்ட பொருளைச் சுகாதாரக் காரணத்தால் திரும்ப எடுக்க மாட்டார்களாம். அடுத்து, "மேனேஜர் கூப்பிடுவார்." யாரும் கூப்பிடவில்லை. நேற்று இரவு என் எண்ணையே தடுத்துவிட்டார்கள். 8,450 ரூபாய். என் மகளின் ஒரு மாத வேன் கட்டணமும் டியூஷன் கட்டணமும் சேர்ந்தால் அவ்வளவு வரும்.

முழுதாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்கு மனம் ஓடவில்லை. சீக்கிரமாகச் சிலது மட்டும். 'தீட்டி அனுப்புகிறோம்' என்றால் உங்கள் கத்தியின் வால் முத்திரை தெரிய, அதே கத்தி முடி வெட்டுவதைக் காணொளியாகக் கேளுங்கள், தராவிட்டால் விட்டுவிடுங்கள். பெட்டியைத் திறப்பதையும் படம் பிடியுங்கள். வந்த அன்றே கண்ணாடி மேல் படுக்க வைத்து, முதுகும் வாயும் இரண்டு பக்கமும் படிகிறதா என்று பாருங்கள். பிடுங்கினால் இரண்டாம் நாளே தெரிந்தவரிடம் காட்டுங்கள், ஏழு நாளைத் தாண்ட விடாதீர்கள். ஏமாந்துவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, பண மோசடிக்கு 1930. நான் இரண்டிலும் பதிந்துவிட்டேன்.

சிவப்புத் துணி, தொங்கும் முடி, இரண்டாக விழுவது. அந்தக் காணொளி இன்று காலையிலும் புதிதாக ஓடிக்கொண்டிருக்கிறது. கீழே ஒருவர் "விலை என்ன அண்ணா?" என்று கேட்டிருக்கிறார். என் கணக்கைத் தடுத்துவிட்டதால் வீட்டுக்காரம்மா போனில்தான் பார்த்தேன். அதிலிருந்தே அந்த விலை கேட்டவருக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன்.