எம்.எஃப். டூம்: பத்து வருடத்துக்கு மேல் கேட்ட பிறகு

எம்.எஃப். டூம் என்ற ராப் பாடகரை நான் முதலில் கேட்டது 2013-ல். ‘மேட்வில்லனி’ ஆல்பத்தை ஓடவிட்டு, பாதியிலேயே நிறுத்திவிட்டேன். கோரஸ், அதாவது திரும்பத் திரும்ப வரும் பல்லவி, இல்லை. முக்கால்வாசிப் பாட்டுகள் ஒன்றரை, இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகின்றன. பாடுகிறவரோ தூக்கத்திலிருந்து எழுந்துவந்தவர் மாதிரி கரகரப்பான குரலில் பேசிக்கொண்டே போகிறார். இதையா இவ்வளவு கொண்டாடுகிறார்கள் என்று தோன்றியது. இன்றைக்கு என் ஹெட்போனில் அதிகம் ஓடிய ஆல்பம் எது என்று கேட்டால், அதுதான்.

முதலில் பிடிபட்டது எதுகை. பொதுவாக ராப்பில் வரியின் கடைசியில் இயைபு வந்துவிட்டால் போதும். டூமுக்கு அது போதாது. மூன்று நான்கு அசைகளைக் கொத்தாக எடுத்துக்கொண்டு, அதே ஓசையுள்ள இன்னொரு கொத்தை அடுத்த வரியின் நடுவில் வைப்பார். அதற்கடுத்த வரியின் தொடக்கத்தில் மறுபடியும் ஒன்று. ஒருநாள் ‘அக்கார்டியன்’ பாட்டின் வரிகளை நோட்டில் எழுதி, ஒத்த ஓசைகளை ஒரே நிறப் பேனாவால் வட்டமிட்டுப் பார்த்தேன். எட்டு வரி தாண்டுவதற்குள் வட்டம் விழாத சொல்லைத் தேட வேண்டியிருந்தது. இவ்வளவு நெருக்கமாகப் பின்னியும், கேட்கும்போது சும்மா பேசுகிற மாதிரிதான் இருக்கிறது. சிலேடையும் நிறைய. காளமேகத்தின் பாம்பு, எள் வெண்பாவை முதல்முறை பிரித்துப் படிக்கும்போது வருமே ஒரு சந்தோஷம், அது எனக்கு இந்த ஆல்பத்தில் இன்னமும் வந்துகொண்டிருக்கிறது.

நான் குறை சொன்ன அந்தக் குரலுக்கும் ஒரு கதை இருக்கிறது. ‘மேட்வில்லனி’ 2004 மார்ச்சில் வெளிவந்தது. இசை மேட்லிப் என்ற தயாரிப்பாளருடையது. பிரேசிலில் ஒரு ஹோட்டல் அறையில் சின்ன ரெக்கார்டு பிளேயரையும், பழைய பாட்டுகளிலிருந்து துண்டுகளை வெட்டியெடுத்து ஒட்டுகிற ஒரு சாம்ப்ளரையும் வைத்துக்கொண்டு பலவற்றைச் செய்திருக்கிறார். ஆல்பம் வருவதற்கு ஒரு வருடத்துக்கு முன்பே முதல் வடிவம் இணையத்தில் கசிந்துவிட்டது. இருவரும் மனம் விட்டுப்போய் வேறு வேலைகளுக்குப் போய்விட்டார்கள். திரும்பி வந்து பாடும்போது டூம் குரலைத் தாழ்த்தி, நிதானமாக மறுபடி பதிவு செய்தார். கசிந்த வடிவத்தையும் பிற்பாடு கேட்டேன். அதில் குரல் துள்ளுகிறது, சொற்கள் ஓடிவிடுகின்றன. தாழ்ந்த குரலில்தான் ஒவ்வொரு சொல்லும் காதில் உட்காருகிறது.

அப்புறம்தான் அவருடைய வாழ்க்கையைப் படித்தேன். இயற்பெயர் டேனியல் டூமிலே. 1971-ல் லண்டனில் பிறந்து, சின்ன வயதிலேயே நியூயார்க்கின் லாங் ஐலண்டுக்குப் போனவர். தம்பி டிஜே சப்ராக்கோடு சேர்ந்து கேஎம்டி என்ற குழு. அப்போது இவர் பெயர் ஸெவ் லவ் எக்ஸ், முகமூடி எல்லாம் கிடையாது. 1991-ல் முதல் ஆல்பம் வந்தது. இரண்டாவதை முடிக்கிற நேரத்தில், 1993-ல், சாலையைக் கடக்கும்போது கார் மோதித் தம்பி இறந்துபோனார். தனியாக ஆல்பத்தை முடித்துக் கொடுத்தார் அண்ணன். அட்டைப்படம் சர்ச்சையானதும் எலெக்ட்ரா இசை நிறுவனம் அதை வெளியிடாமல் குழுவையே கைவிட்டது. தம்பியும் இல்லை, தம்பியோடு செய்த பாட்டும் வெளியே வரவில்லை. பிறகு சில வருடம் ஆள் எங்கே என்றே தெரியாது. திரும்பி வந்தபோது முகத்தில் ஒரு காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு நியூயார்க்கின் சின்ன மேடைகளில் பாடினார். உலோக முகமூடி அதற்குப் பிந்தியது; மார்வெல் காமிக்ஸின் வில்லன் டாக்டர் டூம்தான் அதற்கு மூலம்.

1999-ல் வந்த ‘ஆபரேஷன்: டூம்ஸ்டே’ தலைப்புப் பாட்டை நான் நாலைந்து வருடம் சும்மா தலையாட்டிக் கேட்டிருக்கிறேன். பாடகி ஷாடேயின் பாட்டிலிருந்து எடுத்த இசைத் துண்டு, இதமான பெண் குரல், இவருக்கு அபூர்வமான ஒரு கோரஸ். தம்பியைப் பற்றித் தெரிந்த பிறகு அதே கோரஸ் வேறாகக் கேட்டது. கருவறையில் தொடங்கி, தம்பி போன இடத்துக்கே தானும் போய்ச் சேருவது வரை என்றுதான் அதில் பாடுகிறார். கல்லறையில் எழுதவேண்டியதும் அதுதான் என்கிறார். அவ்வளவு இனிமையான மெட்டில் அதை வைத்திருக்கிறார்.

எல்லாமே பிடித்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ‘எம்எம்..ஃபுட்’ ஆல்பத்தின் நடுவில் கார்ட்டூன் வசனங்களை ஒட்டிச் செய்த நான்கு துண்டுகள் தொடர்ச்சியாக வருகின்றன. முதல் சில தடவை ரசித்தேன், இப்போது தாண்டிவிடுகிறேன். 2003-ல் கிங் கீடோரா என்ற பெயரில் செய்த ஆல்பத்தில் இசை இவருடையது. ஆனால் பெரும்பாலும் பாடுவது மற்றவர்கள், அதனால் டூமைத் தேடிப் போனவருக்கு ஏமாற்றம்தான். அதே வருடம் விக்டர் வான் என்ற பெயரில் வந்த ‘வாட்வில் வில்லன்’ அப்படியில்லை, இளமையும் வேகமும் கலந்த டூம். கச்சேரிகளுக்குத் தனக்குப் பதில் வேறொருவருக்கு முகமூடி மாட்டி அனுப்பியதை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அதுவும் அந்தக் கதாபாத்திரத்தின் ஒரு பகுதி என்று விளக்கம் சொன்னார். காசு கொடுத்து, காத்திருந்து வந்தவர்களுக்கு அது நியாயமில்லை.

2010-ல் ஐரோப்பியச் சுற்றுப்பயணம் முடிந்தபோது, அமெரிக்கக் குடியுரிமை இல்லாததால் அவரைத் திரும்ப உள்ளே விடவில்லை. வளர்ந்த ஊருக்கு வெளியே, இங்கிலாந்தில்தான் கடைசி வருடங்கள். 2020 அக்டோபர் 31-ல் இறந்தார், வயது 49. செய்தியைக் குடும்பம் வெளியிட்டது டிசம்பர் 31-ல். இரண்டு மாதம் அவர் இல்லை என்பதே தெரியாமல் நான் அவர் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றைக்கு எதையும் போட்டுக் கேட்க மனசு வரவில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ‘எம்எம்..ஃபுட்’. மெட்டு கனமில்லை, சிரிக்கவும் வைக்கும். ‘மேட்வில்லனி’யை இரண்டாவதாக எடுங்கள், ஒரு மாதமாவது விடாமல் கேளுங்கள். ‘ஆபரேஷன்: டூம்ஸ்டே’ கடைசியில். அதில் வெறும் கேள்விக்குறியைத் தலைப்பாக வைத்த ஒரு பாட்டு இருக்கிறது. அதை மட்டும் வேறு வேலை செய்துகொண்டே கேட்காதீர்கள். டூம் அதில் தம்பியிடம் பேசுகிறார்: கையில் வெட்டரிவாளோடு நீ நிற்கிற படம் ஒன்று என்னிடம் இருக்கிறது, எல்லாம் நாம் நினைத்தபடியே போய்க்கொண்டிருக்கிறது என்கிறார்.