கையைக் கடிக்காத ஞாயிறு: மெரினாவா, பெசன்ட் நகரா?

மாதக் கடைசி ஞாயிறு வந்தால் எங்கள் வீட்டில் இந்த வழக்குதான். பையனுக்கு மெரினா வேண்டும், அத்தைக்குப் பெசன்ட் நகர். இரண்டு கடற்கரைக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆனால் பெரம்பூரிலிருந்து நாலு பேர் கிளம்பினால் பணம் கரைவது வழியிலும் வாயிலும்தான். அதை வைத்துத்தான் தீர்ப்பு சொல்கிறேன்.

முதலில் வழி. மெரினாவுக்கு லோக்கல் ரயிலில் சென்ட்ரல், எதிரே பார்க் டவுனில் பறக்கும் ரயில் பிடித்து, திருவல்லிக்கேணியிலோ கலங்கரை விளக்கத்திலோ இறங்கினால் நடக்கிற தூரம்தான். ஆளுக்குப் பத்து ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஆனால் பறக்கும் ரயில் என்றால் ஸ்டேஷனும் மாடியில்தானே இருக்கும்? அந்தப் படிகள் அத்தையின் முழங்காலுக்கு ஆகாது. பெசன்ட் நகருக்கு ரயில் இல்லை. 29சி பேருந்து நேரே போகிறது. சாதாரணக் கட்டண வண்டி வந்தால் பெண்களுக்கு இலவசம், எனக்கும் அத்தைக்கும் காசு மிச்சம். என்ன, நெரிசலில் மாட்டினால் ஒன்றரை மணி நேரம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும்.

அடுத்தது மணல். இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மெரினாவில் சாலையிலிருந்து அலை வரை பல இடங்களில் 300 மீட்டர் இருக்கும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, புதையும் மணலில் அந்தத் தூரத்தை ஒரு வயதானவர் நடப்பது சும்மா இல்லை. போதாததற்கு வழி நெடுகச் சுங்கச்சாவடிகள்! முதலில் பலூன் சுடும் துப்பாக்கி, அப்புறம் ராட்டினம், அதைத் தாண்டினால் குதிரை, அதற்குள் எண்ணெய்ச் சட்டியிலிருந்து மிளகாய் பஜ்ஜி வாசனை. தண்ணீரில் கால் வைப்பதற்குள் என் பர்ஸ் நாலு முறை திறந்து மூடும். பெசன்ட் நகரில் மணல் குறுகல். அத்தை மெதுவாகவே போய் அலை ஓரத்தில் உட்கார்ந்துவிடுவார்.

ஆனால் வாய்க்கு மெரினாதான் மலிவு. தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் ஒரு பொட்டலம், எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் தேய்த்த சுட்ட சோளம் ஒன்று, அத்தோடு வயிறு அடங்கும். பெசன்ட் நகரிலும் சுண்டல்காரர் வருவார். ஆனால் சாலைக்கு மறுபக்கம் வரிசையாக ஐஸ்கிரீம் கடையும் ஓட்டலும் கண்ணைப் பறிக்கும்போது சுண்டலோடு திரும்ப எந்தப் பிள்ளை சம்மதிக்கும்? ஒரு ஞாயிறு பேருந்தில் மிச்சம் பிடித்ததைப் போல ஐந்து மடங்கை அங்கே வைத்துவிட்டு வந்தோம்.

பார்க்க என்ன இருக்கிறது என்றால், மெரினாவில் கலங்கரை விளக்கம் ஒன்றே போதும். 1977-இல் திறந்தது, இருபது ஆண்டுகளுக்கு மேல் பொதுமக்களை விடாமல் மூடி வைத்திருந்து 2013-இல் மறுபடி திறந்தார்கள். லிஃப்ட் உண்டு, சீட்டும் சொற்பம். மேலே நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நகரம். திங்கட்கிழமை விடுமுறை. பெசன்ட் நகரில் மணலில் தனியாக நிற்கும் அந்த வெள்ளை வளைவு, 1930-இல் கடலில் தத்தளித்தவரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க்காரர் கார்ல் ஷ்மிட்டின் நினைவிடம். அதன் நிழலில் செல்ஃபி எடுப்பவர்கள் அலையில் இடுப்பளவு இறங்குவதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். இரண்டு கடற்கரையிலும் நீரோட்டம் பொல்லாதது. கால் நனைப்பதோடு சரி.

என் தீர்ப்பு: பிள்ளைகளோடு மட்டும் என்றால் மெரினா, மாலை நாலரைக்கு. பெரியவர்கள் உடன் வந்தால் பெசன்ட் நகர், வீட்டிலிருந்தே புளிசாதம் கட்டிக்கொண்டு.

வெயில் கொளுத்தும் பகலுக்கு இரண்டும் உதவாது. அப்போது போட்டி எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கும். நூலகம் 2010-இல் திறந்தது, நுழைவு இலவசம், உள்ளே ஏ.சி. குழந்தைகள் பிரிவில் ஒரு செயற்கை மரம் இருக்கிறது; பையன் அதனடியில் புத்தகத்தோடு உட்கார்ந்தால் கிளப்புவது பெரும்பாடு. படிக்காத ஆளுக்கு மட்டும் அரை மணியில் அலுத்துவிடும். அத்தை அந்த ரகம்.

அருங்காட்சியகத்துக்குச் சீட்டு வாங்க வேண்டும், ஆனாலும் நான் அதற்குத்தான் ஓட்டுப் போடுவேன். 1851-இல் தொடங்கியது. ஒரு காலத்தில் இங்கேயே விலங்குக் காட்சிச்சாலையும் இருந்தது. அதை ‘உயிர் காலேஜ்’ என்றும் இதைச் ‘செத்த காலேஜ்’ என்றும் பழைய மெட்ராஸ்காரர்கள் சொல்வார்கள். அத்தை இன்றைக்கும் அப்படித்தான் சொல்வார். பையன் திமிங்கல எலும்புக்கூட்டின் அடியில் வாய் பிளந்து நிற்பான். செப்புத்திருமேனிக் கூடத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன்னால் அத்தை செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். காவலர் ஒன்றும் சொல்லமாட்டார், பழக்கப்பட்டவர் போல. வெள்ளிக்கிழமை மட்டும் போய்விடாதீர்கள், பூட்டியிருக்கும்.