பாவித்த லீஃப் வாங்குமுன் ஒருக்கா லீஃப் ஸ்பை போட்டுப் பாருங்கள்

யப்பானிலிருந்து வந்த, 24 கிலோவாட் மணி பற்றரி கொண்ட நிசான் லீஃப் மின்சாரக் கார்கள் இலங்கையில் இப்போது கை மாறி மாறி விற்பனையாகின்றன. விற்பவர்கள் காட்டுவது டாஷ்போர்டில் வலது ஓரமாக இருந்து பற்றரியின் கொள்ளளவைக் காட்டும் சின்னக் கட்டங்களைத்தான். “பன்னிரண்டும் அப்படியே இருக்கு, பாருங்கோ” என்பார்கள். தயவுசெய்து அதை மட்டும் நம்பி முற்பணம் கொடுக்காதீர்கள். முதல் கட்டம் விழுவதற்கே பற்றரியின் கொள்ளளவில் சுமார் 15 சதவீதம் போயிருக்க வேண்டும், ஆகவே பன்னிரண்டு கட்டமும் இருக்கிற காரில் 86 சதவீதமே மிஞ்சியிருக்கலாம்.

பற்றரியின் நிலையைப் போனில் காட்டும் லீஃப் ஸ்பை ப்ரோ காசு கொடுத்து இறக்க வேண்டிய அப். கூடவே ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி துளையில் (காரின் தகவலை வெளியே எடுக்கும் இணைப்பு) செருக, அந்தத் தகவலைப் போனுக்கு அனுப்பும் ஒரு ஈஎல்எம்327 அடாப்டரும் வேண்டும், அதில் மலிவான போலிகள் நிறைய, சிலது இணையவே இணையாது. இணைந்துவிட்டால் எஸ்ஓஎச் (புதிதாக இருந்ததோடு ஒப்பிட்டால் பற்றரியில் மிஞ்சியிருப்பது) என்ற சதவீதத்தையும், கொள்ளளவைச் சொல்லும் ஆம்பியர் மணியையும் பாருங்கள். புதுப் பற்றரியில் பின்னது 65 அளவில் இருக்கும். எத்தனை தடவை வேகச் சார்ஜ் போட்டிருக்கிறார்கள் என்பதும் தெரியும்.

ஆனால் எனக்கு இந்த அப்பில் மிகப் பெறுமதியானது பற்றரிக்குள் இரண்டிரண்டாக இணைத்த 96 செல் சோடிகளின் வோல்ட்டைக் கோடுகளாகக் காட்டும் பக்கம்தான். நண்பர் ஒருவருக்காக ஒரு விற்பனை நிலையத்தில் பார்த்த காரில், முழுச் சார்ஜில் எல்லாக் கோடுகளும் ஒரே உயரத்தில் நின்றன. அப்புறம் சார்ஜ் நன்றாக இறங்கும்வரை ஓட்டி, ஒரு ஏற்றத்தில் அக்சிலரேட்டரை அழுத்தச் சொன்னேன், அடுத்தடுத்த இரண்டு கோடுகள் மட்டும் படாரென்று கீழே போயின. ஒரு மொடியூலில் (செல்களை அடைத்த பெட்டி) இரண்டு சோடி இருப்பதால், 48 மொடியூலில் ஒன்று பலவீனம் என்று அர்த்தம். அதை மட்டும் மாற்றலாம். ஆனால் எஸ்ஓஎச்சே 65 சதவீதம் என்றால் ஒரு மொடியூலை மாற்றி ஒன்றும் ஆகாது.

இந்த லீஃப்களின் பற்றரிக்குத் தண்ணீரோ காற்றாடியோ வைத்துக் குளிரூட்டும் வசதி கிடையாது. 2012இலேயே அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் பகுதியில் கட்டங்கள் சீக்கிரம் விழுந்து பெரிய பிரச்சினையானது, காரணம் வெயில். நம்முடைய வெயிலும் சும்மா இல்லை. 2014 மொடலுக்கு அமெரிக்க அளவீட்டில் சொன்ன தூரம் 135 கிலோமீற்றர், 65 சதவீதப் பற்றரியில் அது 90ஐத் தொடாது. கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகிறவருக்குக் கடுகண்ணாவ ஏற்றம் வருவது பயணத்தின் கடைசியில், சார்ஜ் குறைந்திருக்கும் நேரத்தில், பலவீனமான செல் கைவிடுவதும் அங்கேதான்.

இந்த அப்பின் குறை என்றால், திரை முழுக்க எண்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள், முதல் தடவை பார்க்கிறவருக்குத் தலை சுற்றும். இன்னொன்று முக்கியம்: பற்றரிக் கட்டுப்பாட்டுக் கணினியை ரீசெட் செய்த காரில் கட்டங்கள் திரும்பி வந்துவிடும், அப்பும் கொஞ்ச நாளைக்குப் பொய்க் கணக்கே காட்டும். 2012 கார் 98 சதவீதம் என்றால் பற்றரி மாற்றிய பில்லைக் கேளுங்கள். பில் இல்லையா, முழுச் சார்ஜில் தொடங்கி எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறது என்று ஓட்டியே பாருங்கள், அதற்கு விடமாட்டேன் என்கிறவரிடம் வாங்க வேண்டாம்.