பதுளை வீதிக்கென்று பேசி வெல்லவாயவால் கொண்டுவந்தார்கள்: மலையகத்துக்கு வேன் எடுப்போருக்கு ஓர் எச்சரிக்கை

மட்டக்களப்பிலிருந்து வேன் வாடகைக்கு அமர்த்தி நுவரெலியா, பதுளைப் பக்கம் செல்ல நினைக்கும் குடும்பங்கள் முற்பணம் கொடுப்பதற்கு முன்னர் இதை முழுவதும் வாசிக்க வேண்டும். சித்திரை விடுமுறையில் எங்களுக்கு நேர்ந்தது பண இழப்பு மட்டுமல்ல. பகல் வெளிச்சத்தில் பார்ப்பதற்கென்றே நாங்கள் தேர்ந்தெடுத்த இரண்டு மலைவழிகளில் ஒன்றை இருட்டில் கடந்தோம். மற்றதைப் பார்க்கவே இல்லை. பார்க்காத வழிக்குப் பதிலாகச் சுற்றிவந்த தூரத்துக்கும் எங்களிடமே பணம் கேட்டார்கள். முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் வாடகைக்கு விட்டவர்களின் பெயரை இங்கே எழுதவில்லை. எந்த இடத்தில் ஏமாற்று நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பெயர் இல்லாமலே உங்களைக் காத்துக்கொள்ளலாம்.

முதலில் வழிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முழு விவகாரமும் அதில்தான் தங்கியிருக்கிறது. செங்கலடியில் தொடங்கும் பதுளை வீதி கரடியனாறு, புல்லுமலை ஊடாக மாவட்ட எல்லையைத் தாண்டி, அம்பாறை மாவட்டத்தின் மகாஓயாவையும் பதியத்தலாவையையும் அடைகிறது. பதியத்தலாவைதான் பிரிவு. அங்கிருந்து ஒரு வீதி மகியங்கனை, ஹசலக்க வழியாக 18 வளைவு எனப்படும் மலைப்பாதையில் ஏறி, உடதும்பர, ஹுன்னஸ்கிரிய, தெல்தெனிய கடந்து கண்டிக்குப் போகிறது. மற்றது கிழக்கு மாகாணத்தின் எல்லையைக் கடந்து ஊவாவின் பிபிலைக்குச் சென்று, லுணுகலை, பசறை என்று தேயிலை மலைகளுக்குள் ஏறிப் பதுளையைச் சேர்கிறது. கிழக்கு, ஊவா, மத்தி ஆகிய மூன்று மாகாணங்களின் எல்லைகளும் நெருங்கிவரும் இந்தப் பகுதியில்தான், நம் ஊரின் சமவெளி முடிந்து மலைநாடு தொடங்குவதைக் கண்ணால் பார்க்க முடியும். 18 வளைவில் ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் மகாவலிச் சமவெளி கீழே விரிந்துகொண்டே போகும். பிபிலைப் பக்கத்தில் புல்வெளியும் சிறுமரங்களும் கலந்த தலாவைக் காடு திடீரென்று தேயிலைச் சரிவாக மாறி, நமுனுகுல மலை எதிரே எழுந்து நிற்கும். போகும்போது கண்டி வழி, வரும்போது பதுளை வழி என்று வட்டமாகச் சென்று வந்தால் இரண்டையும் பார்த்துவிடலாம். இரண்டுமே பகலில் மட்டும் பயன் தருபவை.

எங்களுக்கு இதில் இன்னொரு காரணமும் இருந்தது. என் மாமனார் இளமையில் லுணுகலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியராக இருந்தவர். யுத்த காலத்தில் செங்கலடிக் கறுப்புப் பாலத்துக்கு அப்பால் நினைத்த நேரத்தில் போய்வர முடியாமற்போன பின்னர் அந்த வீதியால் அவர் பயணம் செய்ததே இல்லை. நடக்க முடிகிற காலத்திலேயே ஒருமுறை லுணுகலைச் சந்தியில் இறங்கித் தன் பழைய மாணவர்களைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார். ஆகவே வேன் பேசும்போதே, எந்த ஊர் வழியாகப் போவது, எந்த ஊர் வழியாக வருவது, லுணுகலையில் எவ்வளவு நேரம் நிற்பது என்பதையெல்லாம் தெளிவாகச் சொன்னோம். "மலைவழி" என்பதற்காகவே சாதாரண வாடகையைவிட அதிகமாகக் கேட்டார்கள். ஏற்றத்தில் டீசல் கூடச் செலவாகும், அந்த வீதியில் பழகிய சாரதியைத்தான் அனுப்புவோம் என்றார்கள். அது நியாயமாகவே பட்டதால் ஒப்புக்கொண்டு, பாதித் தொகையை முற்பணமாகக் கொடுத்தோம். தந்த பற்றுச்சீட்டில் "நுவரெலியா சுற்றுலா" என்று மட்டும் எழுதியிருந்தது. எத்தனை கிலோமீற்றருக்கு மேல் ஓடினால் மேலதிகக் கட்டணம் என்பதும் கீழே சிறிய எழுத்தில் இருந்தது.

அதிகாலை ஐந்து மணிக்கு வரவேண்டிய வேன் பிற்பகல் இரண்டு மணிக்குப் பின்னரே வந்தது. முந்திய வாடகை முடிந்து வேன் கொழும்பிலிருந்து திரும்பத் தாமதமாகிவிட்டது என்றார் சாரதி. அதே வேனுக்கு இடைவெளியில்லாமல் இரண்டு வாடகைகளை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்பதும், இரவு முழுவதும் ஓட்டிய அதே மனிதர்தான் எங்களையும் மலையேற்றப் போகிறார் என்பதும் அவருடைய கண்களைப் பார்த்தாலே தெரிந்தது. அவரை நான் குறை சொல்லவில்லை. அப்படி ஓட வைத்தவர்களைத்தான் சொல்கிறேன். பயணத்தை மறுநாளுக்கு மாற்றும்படி கேட்டதற்கு, அப்படியானால் முற்பணம் திரும்பாது என்று உரிமையாளர் தொலைபேசியில் சொன்னார். மகியங்கனையைத் தாண்டும்போதே இருட்டிவிட்டது. 18 வளைவில் எதிரே வந்த லொறிகளின் வெளிச்சத்தையும் பாதுகாப்புச் சுவரையும் தவிர வேறெதையும் நாங்கள் காணவில்லை.

திரும்பும் நாளில் நடந்ததுதான் திட்டமிட்ட ஏமாற்று. நுவரெலியாவிலிருந்து வெலிமடை வழியாக இறங்கி ஹாலிஎலையை நெருங்கியபோது, சாரதி ஒரு தொலைபேசி அழைப்பைப் பேசி முடித்துவிட்டு, "அண்ணன், பசறைக்கு அங்கால மண் சரிஞ்சு வீதிய மூடிட்டாங்களாம், எல்லயால சுத்தித்தான் போகணும்" என்றார். முதல்நாள் பிற்பகல் இடியுடன் மழை பெய்திருந்தது. பதுளை மாவட்டம் மண்சரிவுக்குப் பெயர்போனது என்பதையும் எல்லோரும் அறிவோம். எனவே அந்தச் சொல் உண்மை போலவே ஒலித்தது. 2021 மார்ச்சில் பசறை 13ஆம் மைல் கல்லருகே லுணுகலையிலிருந்து கொழும்பு நோக்கிச் சென்ற பேருந்து பள்ளத்தில் விழுந்து பலர் இறந்ததையும் அவர் நினைவூட்டினார். பின்னால் பிள்ளைகள் இருக்கும்போது அப்படிச் சொன்னால் எந்தத் தாய்தான் அந்த வீதியால் போவோம் என்று வற்புறுத்துவாள்? வேன் பதுளைப் பக்கம் திரும்பாமல் எல்லப் பக்கம் திரும்பியது. எல்லயில் சாரதி தானே தெரிவுசெய்த உணவகத்திலும், அதையடுத்துத் தேயிலையும் வாசனைப் பொருட்களும் விற்கும் ஒரு கடையிலும் நீண்ட நேரம் நிறுத்திவைத்தார். கடைக்காரர் அவரைப் பெயர் சொல்லி அழைத்து உள்ளே கூட்டிச்சென்றார். கூட்டிவரும் சாரதிக்கு இத்தகைய இடங்களில் தரகு கிடைப்பது இரகசியமல்ல.

வெல்லவாய இறக்கத்தில் இறாவணன் நீர்வீழ்ச்சியைக் கடந்துகொண்டிருந்தபோது மாமனாரின் தொலைபேசி ஒலித்தது. லுணுகலைச் சந்தியில் தேநீரும் பலகாரமும் வைத்துக் காத்திருந்த அவருடைய பழைய மாணவர், "சேர், எங்க வந்துட்டீங்க? இன்னும் காணலயே" என்று கேட்டார். வீதி மூடியிருப்பதால் வர முடியவில்லை என்று மாமனார் சொன்னபோது, "யார் சேர் சொன்னது? பதுளை பஸ் இப்பதான் வந்து நிக்குது" என்றார் அவர். காலையிலிருந்தே பேருந்துகள் வழமைபோல் ஓடியிருக்கின்றன. சாரதியிடம் கேட்டதற்கு உரிமையாளர் சொன்னதைத்தான் தான் சொன்னதாகக் கூறினார். உரிமையாளர் தொலைபேசியை எடுக்கவில்லை. அதற்குள் பிற்பகல் முடியும் நேரமாகிவிட்டது. மீண்டும் மலையேறிப் பதுளைக்குப் போய்ப் பசறை வழியாக இறங்கினால் பிபிலைக்கும் மகாஓயாவுக்கும் இடைப்பட்ட யானைக் காட்டை நள்ளிரவில் கடக்க வேண்டிவரும் என்பதால், மாமனார்தான் போதும், வீட்டுக்குப் போவோம் என்றார். மொனராகலை, சியம்பலாண்டுவ, அம்பாறை, கல்முனை என்று இருட்டிலேயே வந்து சேர்ந்தோம். அந்தப் பயணம் முழுவதும் அவர் எதுவும் பேசவில்லை. எனக்கு இந்தப் பதிவை எழுதும் அளவுக்குக் கோபம் வந்தது பணத்தால் அல்ல, அந்த மௌனத்தால்தான்.

வெல்லவாய இறக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஆபத்தான வீதியைத் தவிர்ப்பதாகச் சொல்லி எங்களைக் கொண்டுபோன அந்த எல்ல – வெல்லவாய வீதியும் விபத்துகளுக்குப் பேர்போனதே. அங்கே சாரதி உயர் கியரிலேயே விட்டு முழு இறக்கத்தையும் பிரேக்கால் தாங்கிக்கொண்டு வந்தார். கருகிய வாடை வேனுக்குள் வந்தது. நீண்ட மலையிறக்கத்தில் கீழ்க் கியருக்கு மாற்றி இயந்திரத்தின் பிடியிலேயே இறங்க வேண்டும். பிரேக்கை இடைவிடாமல் மிதித்தால் அது சூடேறிப் பிடிமானம் இழக்கும். அப்படி ஓட்டுபவரை நிறுத்தச் சொல்லவும், வாடை போகும்வரை ஓரமாக நிற்கச் சொல்லவும் பயணிகளுக்கு முழு உரிமை உண்டு. நாங்கள் நிறுத்தச் சொன்னோம், நிறுத்தினார்.

ஊர் திரும்பியதும் பேசிய தொகைக்கு மேல் 24,500 ரூபாய் கேட்டார்கள். மேலதிகக் கிலோமீற்றர், இரவுப் பயணப்படி, "வெளிமாகாண அனுமதி" என்று மூன்று பெயர்களில் அது பிரிக்கப்பட்டிருந்தது. பதுளை வீதியைவிட வெல்லவாய – அம்பாறை வழி ஐம்பது கிலோமீற்றருக்கும் மேல் நீளமானது. ஆகவே பொய் சொல்லிச் சுற்றிய ஒவ்வொரு கிலோமீற்றரும் அவர்களுக்கு வருமானம். இரவுப் பயணமும் அவர்களுடைய தாமதத்தால் வந்ததே. மூன்றாவது பெயர்தான் அப்பட்டமானது. வாகன வருமான அனுமதிப்பத்திரத்தை மாகாணம் வழங்கினாலும் அது நாடு முழுவதும் செல்லுபடியாகும். கிழக்கிலிருந்து ஊவாவுக்குள் போகும் வேனிடம் மாகாண எல்லையில் யாரும் பணம் அறவிடுவதில்லை. எந்த அலுவலகத்துக்குக் கட்டினீர்கள், பற்றுச்சீட்டைக் காட்டுங்கள் என்று கேட்டபோது பதில் வரவில்லை. அந்தத் தொகையைக் கொடுக்க மறுத்துவிட்டோம்.

எனவே வேன் பேசும்போது இடங்களின் பெயரை மட்டும் எழுதி வாங்காதீர்கள். செல்லும் வழியை ஊர் ஊராக எழுதி, இரு தரப்பும் கையொப்பமிட்டுக் கொள்ளுங்கள். "பதியத்தலாவை, மகியங்கனை, ஹசலக்க, கண்டி, திரும்பும்போது பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை, மகாஓயா" என்று எழுத ஒரு நிமிடம் போதும். வாடகைக்கு விடுபவர் மாற்றிய வழிக்கு மேலதிகக் கட்டணம் இல்லை என்ற ஒரு வரியையும், குறித்த நேரத்தில் வேன் வராவிட்டால் முற்பணம் முழுவதும் திரும்ப வேண்டும் என்ற இன்னொரு வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதற்குச் சம்மதிக்காதவரிடம் வேன் எடுக்க வேண்டாம்.

வழியில் வீதி மூடப்பட்டிருக்கிறது என்று சொன்னால், திரும்புவதற்கு முன்னர் வேனை நிறுத்தச் சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, பொலிஸ் அவசர இலக்கமான 119 ஆகியவற்றில் கேட்கலாம். அதைவிட விரைவான வழி, எதிரே அந்த ஊரிலிருந்து வரும் பேருந்தின் நடத்துனரிடம் கேட்பதுதான். அதேவேளை, உண்மையான எச்சரிக்கையை யாரும் அலட்சியம் செய்யக் கூடாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று மட்டங்களில் வெளியிடுகிறது. சிவப்பு மட்டம் என்றால் அந்தச் சரிவிலிருந்து ஆட்களையே வெளியேற்ற வேண்டிய நிலை. நம்மில் பலர் மலையகத்து மழை ஆடியில்தான் என்று நினைக்கிறோம். ஆனால் நமக்கு மாரி கொட்டுகிற கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் அதே வடகீழ் பருவக்காற்றுதான் பதுளை, பசறை, லுணுகலைச் சரிவுகளையும் நனைக்கிறது. அந்த மாதங்களில் பதுளை வீதியைத் திட்டமிடவே வேண்டாம். பனிமூட்டத்தில் ஒன்றும் தெரியாது, ஆபத்தும் உண்மையானது.

நாங்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் எழுத்தில் முறையிட்டிருக்கிறோம். அவர்களுடைய தொலைபேசி இலக்கம் 1977. முற்பணப் பற்றுச்சீட்டு, மேலதிகக் கட்டணப் பட்டியல், புறப்பட்ட நேரத்தைக் காட்டும் தொலைபேசிச் செய்திகள், லுணுகலையிலிருந்து வந்த அழைப்பின் நேரம் ஆகியவற்றை இணைத்தோம். இதே முறையில் வேறு குடும்பங்களும் எல்ல வழியாகச் சுற்றப்பட்டிருப்பதாக இப்போது கேள்விப்படுகிறோம். உங்களிடமும் அப்படியொரு பட்டியல் இருந்தால், அதை எறிந்துவிடாமல் பிரதி எடுத்து நீங்களும் முறைப்பாடு செய்யுங்கள். ஒரே வேன்காரர்மீது பல முறைப்பாடுகள் சேர்ந்தால் தற்செயலாக நடந்தது என்று அவர்களால் சொல்ல முடியாது. மாமனாரை ஆவணி விடுமுறையில் செங்கலடியிலிருந்து பதுளைப் பேருந்தில் லுணுகலைக்குக் கூட்டிப்போவதாக முடிவு செய்திருக்கிறோம். அவருடைய மாணவருக்கும் நாளைச் சொல்லிவிட்டோம்.