ரிட் மனுவா, வணிக வழக்கா: வேலூரில் தொழில் தொடங்குவோருக்கு

சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்துக்குப் புதிதாக வரும் ஜூனியர் வழக்கறிஞர்களில் பலர், அரசையும் அதன் அமைப்புகளையும் எதிர்த்து நிற்கும் பொதுச் சட்டத்தைத் தேர்ந்தெடுப்பதா, வியாபாரிகளுக்கிடையிலான வணிகச் சட்டத்துக்குப் போவதா என்று கேட்கிறார்கள். முதல் ஐந்தாண்டுகளை வணிக வழக்குகளுக்குக் கொடுத்துவிட்டு, அதன்பின், அரசின் செயலை எதிர்த்து உயர் நீதிமன்றத்திலோ உச்ச நீதிமன்றத்திலோ நேரடியாகப் போடும் ரிட் மனுக்களின் பக்கம் வரலாம் என்பதே என் விடை.

பாலாற்றங்கரையில் வளர்ந்தவர்களுக்குப் பொதுச் சட்டத்தின் ஈர்ப்பை விளக்க வேண்டியதில்லை. தோல் தொழிற்சாலைக் கழிவுகளை எதிர்த்து, வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாடும் முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என்று 28 ஆகஸ்ட் 1996 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால், அதே மாசினால் பாதிக்கப்பட்டோருக்கான இழப்பீடு குறித்து 2025 ஜனவரியிலும் அந்த நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. இத்துறைக்கு வருபவர் அந்தக் காலக்கணக்கையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் வரவேண்டும்.

வணிக நீதிமன்றங்கள் சட்டம், 2015 அப்படிக் காத்திருக்க விடுவதில்லை. மூன்று லட்சம் ரூபாய்க்குக் குறையாத வணிகத் தகராறில், அவசர இடைக்கால நிவாரணம் கோராதவர் முதலில் சமரசத்துக்குச் சென்றாக வேண்டும்; பிரதிவாதி சம்மன் கிடைத்த நாளிலிருந்து 120 நாட்களுக்குள் எதிர்வழக்குரை, அதாவது வழக்குக்கான எழுத்துப்பூர்வப் பதில், தாக்கல் செய்யாவிட்டால் அந்த உரிமையையே இழக்கிறார். வாய்தா வாங்கிப் பழகிய கைக்கு இது நல்ல பயிற்சி.

எனினும், நான் வணிக வழக்கை முன்வைப்பதற்குக் காரணம் சாட்சியம். ரிட் மனு பெரும்பாலும் பிரமாணப் பத்திரங்களின் மீதே முடிந்துவிடுவதால், கிணற்று நீரை மாதிரி எடுத்த அலுவலரைக் கூண்டில் ஏற்றிக் கேட்கும் வாய்ப்பு அரிது. ஆம்பூர்த் தொழிற்சாலை ஒன்றுக்கு ரசாயனம் அனுப்பியவர் பாக்கித் தொகை கேட்டு வழக்குத் தொடுத்தாலோ, டெலிவரி சலானில் உள்ள கையெழுத்து யாருடையது, அவருக்குச் சரக்கைப் பெற்றுக்கொள்ளும் அதிகாரம் இருந்ததா, பேரேட்டில் அந்தப் பதிவு எந்தத் தேதியில் விழுந்தது என்று குறுக்கு விசாரணையில் ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் உண்மையை எடுக்க வேண்டும். ஆவணத்தை அப்படிப் படித்தவருக்கு, பின்னாளில் ஆய்வக அறிக்கையின் குறை தானாகவே கண்ணில் படும்.

வருமானத்திலும் வணிகமே முந்துகிறது. ஜூனியர்களுக்கு மாதம் சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாயும் பிற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சம் தர வேண்டும் என்று 2024இல் தமிழ்நாடு வழக்கறிஞர் மன்றம் சுற்றறிக்கை விட்டது; அத்தொகையில், ரிட் வழக்குகளுக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு அடிக்கடி போய்வருவது கடினம்.

இரண்டும் ஒரே கேஸ் கட்டில் வந்து சேரும் நாளும் உண்டு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மூடச் சொன்னதால் தோல் அனுப்ப முடியாமற்போன தொழிற்சாலையின் மீது, வாங்குபவர் நஷ்டஈடு கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆம் பிரிவைக் காட்டி, நிறைவேற்ற இயலாமற்போனது என்று வாதிடலாம். ஆனால் மூடலுக்குக் காரணம் தொழிற்சாலையின் சொந்தத் தவறு என்றால் அந்த வாதம் நிற்காது. நேராக ரிட் போட்டால், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு இருக்கிறதே என்ற கேள்வி எழும். எனவே முதலில் அந்த மூடல் ஆணையை வரி வரியாகப் படித்து, அது எந்தக் குறையைச் சுட்டுகிறது என்று பார்க்க வேண்டும். வணிக வழக்கின் எதிர்வழக்குரையை அதன் பிறகே எழுதத் தொடங்கலாம்.