சிக்னல் பூஸ்டர் மாட்டுகிறோம் என்று வீடு தேடி வருகிறார்கள், ஏமாறாதீர்கள்

தென்காசி, பாவூர்சத்திரம், சுரண்டை பக்கம் இருப்பவர்களும், அங்கே அப்பா அம்மாவை விட்டுவிட்டு வெளியூரில் வேலை பார்ப்பவர்களும் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். "டவர் கம்பெனியிலிருந்து வருகிறோம், செல்போன் சிக்னலைக் கூட்டும் பூஸ்டர் மாட்டித் தருகிறோம்" என்று சிலர் வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள். எங்கள் அப்பாவிடம் 8,500 ரூபாய் வாங்கிப் போய்விட்டார்கள். பணம் போனதோடு முடியவில்லை. அவர்கள் மாட்டிவிட்டுப் போன பெட்டியை வீட்டில் வைத்திருப்பதே சட்டப்படி குற்றம்.

எங்களுடையது கீழ்வீடு, கான்கிரீட் தளம். பக்கத்து மனையில் மாடி எழும்பிய பிறகு ஹாலில் சிக்னல் சுத்தமாகப் போய்விட்டது. கேஸ் சிலிண்டர் வந்தால் ஓடிபி சொல்ல வேண்டும். அந்த ஒரு மெசேஜுக்காக அம்மா முழங்கால் வலியோடு மொட்டைமாடி ஏறி, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். கீழே வாசலில் சிலிண்டர் தம்பி "வந்துட்டாம்மா?" என்று குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார். இப்படிக் கஷ்டப்படுகிற வீடாகப் பார்த்துத்தான் இவர்கள் வருகிறார்கள்.

வந்தவர் சட்டையை இன் பண்ணி, கழுத்தில் அடையாள அட்டை மாட்டியிருந்தாராம். "அண்ணாச்சி, உங்க தெருவுலேருந்து நிறைய கம்ப்ளெயின்ட் வந்திருக்கு. இது கவர்மென்ட் அப்ரூவல் உள்ள மெஷின், மாட்டிட்டா ஆயுசுக்கும் கவலையில்ல" என்று ஆரம்பித்திருக்கிறார். ஒரு மணி நேரத்தில் மாடியில் கம்பி நட்டு ஆன்டெனா, ஜன்னல் வழியாக ஒயர், ஹாலில் பச்சை விளக்கு எரியும் பெட்டி, அதற்குப் பக்கத்தில் ஒரு குட்டி வெள்ளை ஆன்டெனா எல்லாம் வந்துவிட்டது. போனில் கோடுகள் முழுசாக ஏறியதும் அப்பா ஜிபேயில் பணம் அனுப்பிவிட்டார். போனது ஒரு தனி ஆளின் கணக்குக்கு. பில் கேட்டதற்கு எஸ்டிமேட் தாளில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஜிஎஸ்டி நம்பரும் இல்லை, கடை முகவரியும் இல்லை.

மறுநாளே கோளாறு தொடங்கிவிட்டது. கோடுகள் முழுசாக இருக்கும், கால் போகும், எதிரில் பேசுவது கேட்கும். ஆனால் அப்பா பேசுவது எனக்குத் துண்டுதுண்டாகத்தான் வந்தது. பிறகு பக்கத்து வீடுகளிலும் கால் கட்டாக ஆரம்பித்தது.

காரணம் இதுதான். வெளி ஆன்டெனா டவரின் அலையைப் பிடிக்கிறது, பெட்டி அதைப் பெருக்கி உள் ஆன்டெனாவுக்கு அனுப்புகிறது. இரண்டுக்கும் நடுவே போதிய இடைவெளி இல்லாவிட்டால், உள்ளே பெருக்கியது திரும்ப வெளி ஆன்டெனாவுக்குள் போய்ச் சுற்றிச் சுற்றி வரும். கல்யாண வீட்டில் மைக்கை ஸ்பீக்கர் முன்னால் கொண்டுபோனால் 'கூய்' என்று அலறுமே, அதே கதை. அந்த அலறல் நம் காதில் விழாது, டவருக்கு விழும். அந்த டவரை நம்பியிருக்கிற அத்தனை பேருக்கும் அதனால் தொந்தரவு. ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறவரின் காலும் அதில் அடிபடலாம் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் பதறுகிறது.

கடைசியில் செல்போன் நிறுவனத்தின் எஞ்சினியர்களே ஒரு மீட்டரோடு தெருவில் தேடிக்கொண்டு வந்து, நேராக எங்கள் வாசலில் நின்றார்கள். பெட்டியை அணைத்ததும் தெருவே சரியாகிவிட்டது. உரிமம் பெற்ற செல்போன் நிறுவனங்களைத் தவிர வேறு யாரும் இந்தக் கருவியை வைத்திருக்கவோ, விற்கவோ, மாட்டவோ கூடாது என்று அவர்கள் சொன்னார்கள். இது புதிய கெடுபிடி இல்லை. 1933-ஆம் ஆண்டின் வயர்லெஸ் சட்டக் காலத்திலிருந்தே அனுமதியில்லாத ரேடியோ கருவிகளுக்குத் தடை உண்டு. இப்போது 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் வந்துவிட்டது. ஆன்லைனில் ஏராளமாகக் கிடைக்கிறதே என்று கேட்பீர்கள். விற்பனைக்குக் கிடைப்பதால் அது சட்டபூர்வம் ஆகிவிடாது. போனுக்குப் பின்னால் ஒட்டும் 'ஆன்டெனா ஸ்டிக்கர்' வெறும் குப்பை, அதற்கு ஐம்பது ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

இதோடு விடவில்லை. பஜாரில் குடை போட்டு சிம் விற்கிற ஒரு பையன், "எங்களுக்கு மாறிடுங்க தாத்தா, உங்க வீட்டுக்குள்ள 5ஜி ஃபுல்லா அடிக்கும்" என்று சொல்லி அப்பா நம்பரைப் போர்ட் செய்துவிட்டான். வீட்டுக்குள் முன்னைவிட மோசம். திரும்பப் போகலாம் என்றால், ஒரு நிறுவனத்துக்கு மாறிய பிறகு 90 நாள் அங்கேயே இருந்தாக வேண்டும். போர்ட் கோரிக்கை கொடுத்த 24 மணி நேரத்துக்குள் 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பி ரத்து செய்திருக்கலாம். அதை அந்தப் பையன் சொல்வானா?

அதனால் யார் என்ன சொன்னாலும் முதலில் நம்பரை மாற்றாதீர்கள். அந்த நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் சொந்தக்காரரையோ பக்கத்து வீட்டுக்காரரையோ கூப்பிட்டு, ஹால், படுக்கையறை, சமையலறை என்று எல்லா இடத்திலும் பேசிப் பாருங்கள். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குள் 'அபௌட் போன்' போய், சிம் ஸ்டேட்டஸைத் திறந்தால் சிக்னல் மைனஸ் எண்ணாகத் தெரியும். 4ஜியில் மைனஸ் 90 என்றால் நல்லது, மைனஸ் 115 என்றால் பேசுவது கஷ்டம். கோடுகளை நம்பாதீர்கள், ஒவ்வொரு போனும் ஒவ்வொரு மாதிரி காட்டும். இன்னொன்று, இங்கே பெரும்பாலான 5ஜி ஓடுவது 3300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பக்கம். அது சுவரைத் தாண்டுவது கஷ்டம். 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள்தான் வீட்டுக்குள் நன்றாக நுழையும். போனை 4ஜியில் மட்டும் வைத்தாலே சில வீடுகளில் பிரச்சினை பாதி தீர்ந்துவிடும்.

எங்கள் வீட்டில் கடைசியில் கைகொடுத்தது வைஃபை காலிங், அதாவது டவருக்குப் பதிலாக வீட்டு இன்டர்நெட் வழியாகவே கால் போவது. ஏற்கெனவே ஃபைபர் இணைப்பு இருந்தது. அம்மா போனில் சிம் செட்டிங்கில் அதை ஆன் செய்தேன், அவ்வளவுதான். தனிக் கட்டணம் இல்லை. சிலிண்டர் ஓடிபியும் இப்போது சமையலறையிலேயே வந்துவிடுகிறது. போனும் சிம் நிறுவனமும் அந்த வசதியைத் தர வேண்டும் என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் ரவுட்டரும் போய்விடும் என்பதால் அதற்கென்று விற்கிற சின்ன யுபிஎஸ் ஒன்றும் வாங்கி வைத்தேன். பூஸ்டருக்குக் கொடுத்ததில் கால்வாசிகூட ஆகவில்லை. இதைத்தான் யாராவது அப்பாவிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

பூஸ்டர்காரரின் நம்பர் இப்போது ஸ்விட்ச் ஆஃப். சைபர் மோசடிப் புகாருக்கான 1930-இல் புகார் பதிந்திருக்கிறோம், பணம் இன்னும் வரவில்லை. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டை அழிக்காமல் உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு உண்டு. பெட்டி வீட்டில் இருந்தால் இன்றே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். நெட்வொர்க் குறைக்கு 198-இல் புகார் கொடுத்து, டாக்கெட் நம்பரை (புகார் எண்ணை) எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஊரில் இருக்கும் பெரியவர்களுக்கு இதை ஃபார்வர்ட் செய்வதோடு நிறுத்தாமல் போன் போட்டு வாயாலும் சொல்லிவிடுங்கள், அவர்கள் இவ்வளவு நீளம் படிக்க மாட்டார்கள்.