ஈர்க்குக் கட்டா, எண் அட்டையா?

தரம் 2இல் பத்தினிடம், ஒன்றினிடம் சொல்லிக்கொடுக்க எதைச் செய்து வைப்பது என்று தேயிலைத் தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள் பலர் யோசிக்கிறார்கள்.

செலவு
ஈர்க்கு: விளக்குமாறு போதும். 10 சென்ரிமீற்றராக நறுக்கி, கூர்முனையை வெட்டிவிடுங்கள். ஒரு குழுவுக்கு 99 குச்சி, பத்துப் பத்தாகக் கட்ட 9 றப்பர் வளையம்.
அட்டை: பிறிஸ்டல் போட்டில் 0 முதல் 9 வரை இரண்டு தொகுதி, மொத்தம் 20. 6, 9 இரண்டுக்கும் அடிக்கோடு போடாவிட்டால் சண்டை நிச்சயம்.

உழைப்பு
நுவரெலியா, ஹட்டன் பக்கத்து ஈரக் காற்றில் அட்டை சுருளும். இருபுறமும் செலோடேப் ஒட்ட வேண்டும். ஈர்க்கை ஈரத்தோடு கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும், வெயிலில் காயவைத்தே கட்டுங்கள். றப்பர் வளையம் எப்படியும் இற்றுப்போகும். நூலால் கட்டலாம்தான், ஆனால் சின்ன விரல்களால் அவிழ்க்க முடியாது.

விளங்குதல்
இங்கே ஈர்க்கை எதுவும் மிஞ்சாது. 52இலிருந்து 27ஐக் கழிக்க, 2 குச்சியில் 7ஐ எடுக்க முடியாமல் பிள்ளை திகைக்கும். ஒரு கட்டை அவிழ்த்தால் 4 கட்டும் 12 குச்சியும். 'கடன் வாங்குதல்' கையிலேயே நடக்கிறது. கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாக எண்ணுகிற பிள்ளைக்குப் பத்து இன்னும் பிடிபடவில்லை என்று பொருள்.

உற்சாகம்
அட்டைதான். இருவர் ஆளுக்கொன்று எடுத்து, அடுத்ததைப் பார்க்கும் முன்பே அது பத்தினிடமா ஒன்றினிடமா என்று வைத்துவிட வேண்டும். பெரிய எண் வெல்லும்.

புதிதாகத் தொடங்கும் வகுப்புக்கு ஈர்க்கு. விளங்கிய பிள்ளைகளுக்கும், ஒரே ஆசிரியர் இரண்டு தரங்களைச் சேர்த்துப் பார்க்கும் வகுப்புக்கும் அட்டை.